காத்திருப்பு கணக்கில் சேராது

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். வைத்தது நான்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு கத்தரிக்கோலையே கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "கையேட்டம்மா, பேருக்கு ஏத்த சாமான் வேணுமில்ல?" என்றார். கோபப்படத் தெரியாதவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். நம் கோபமும் அவர்களிடம் வீணாகிவிடுகிறது.

நாங்கள் கம்பைலர் செய்கிறவர்கள். மனிதர்கள் எழுதும் நிரலைச் சின்னச் சின்னச் சிப்புகளுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கிற மென்பொருள் அது. சலவை இயந்திரம், லிஃப்ட், வாசல் மணி என்று எதற்குள் சிப் இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கம்பைலர் உழைத்திருக்கும். மாற்றிக் கொடுத்தால் மட்டும் போதாது. எழுதியவர் வளவளவென்று எழுதியிருப்பார். ஒரே கணக்கை இரண்டு தரம் போட்டிருப்பார். யாரும் கேட்காத விடையை மெனக்கெட்டுக் கண்டுபிடித்து வைத்திருப்பார். கம்பைலர் இதையெல்லாம் மோப்பம் பிடித்துக் களைந்துவிட்டு, அதே வேலையைக் குறைந்த கட்டளைகளில் முடிக்க வேண்டும். யாருடைய கம்பைலர் எவ்வளவு சுத்தமாகக் களைகிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் மானமே இருக்கிறது.

களைகிற பகுதி கத்தரியின் பொறுப்பு. காலையில் வந்து உட்கார்ந்ததும், முதல் நாள் கம்பைலர் பெற்றுப் போட்ட கட்டளைகளை வரி வரியாகப் படிப்பார். படிக்கும்போது உதடு அசையும். "நீ எதுக்குடா இங்க வெட்டியா நிக்கிறே?" என்று ஒரு கட்டளையைப் பார்த்துக் கேட்பார். பதில் வராது. மாலைக்குள் அந்தக் கட்டளை இருக்காது. மனிதர்களிடம் அவ்வளவு சாதுவாக இருக்கிற ஒருவர், பாவம் அந்தக் கட்டளைகளிடம் இவ்வளவு கறாராக இருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

என் வேலை கம்பைலருக்குக் கையேடு எழுதுவது. நானூற்றுச் சொச்சம் பக்கம். யாரும் படிப்பதில்லை. பக்கத்து மேஜையில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்த கத்தரியும் படித்ததில்லை. "நான் செய்ததைத்தானே நீங்க எழுதுறீங்க, அதை நானே எதுக்குப் படிக்கணும்?" என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவருடைய பெரிய வெட்டு, வெற்று லூப்பை வெட்டியது. பழைய ஆட்கள் நிரலில் சற்று நேரம் காத்திருக்க வேண்டுமென்றால், 'ஒன்றிலிருந்து இரண்டு லட்சம் வரை சும்மா எண்ணு, எண்ணி முடித்துவிட்டு மேலே போ' என்று எழுதுவார்கள். எண்ணி முடிக்க ஒரு நொடி ஆகும். அந்த நொடிதான் அவர்களுக்கு வேண்டியது. எங்கள் கம்பைலர் அதுவரை அதைத் தொடாமல் விட்டுவைத்திருந்தது. கத்தரி எட்டு மாதம் உட்கார்ந்து அதற்குப் புத்தி சொல்லிக் கொடுத்தார். எண்ணுவதால் ஒன்றும் விளையப்போவதில்லை என்று கம்பைலர் கண்டுகொண்டால், எண்ணுவதையே தூக்கிவிடும்.

விதிப்படி அது சரிதான். விளக்கு எரிய வேண்டும் என்றால் எரிய வேண்டும், மோட்டார் சுற்ற வேண்டும் என்றால் சுற்ற வேண்டும். வெளியே தெரிகிற காரியங்களைத்தான் கம்பைலர் காப்பாற்றிக் கொடுக்கக் கடமைப்பட்டது. எவ்வளவு நேரம் ஆனது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. காத்திருப்பு கணக்கில் சேராது. கையேட்டில் நானே எழுதினேன், இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில்: 'காத்திருப்பதற்காக வெற்று லூப் எழுத வேண்டாம். இந்தப் பதிப்பில் அது நீக்கப்படும்.' சோதனை நிரல்கள் எல்லாம் சட்டென்று இளைத்துப் போயின. ஒரு நிரல் நான்கு மடங்கு வேகமாக ஓடியது. மேலாளர் கைதட்டினார், நாங்களும் தட்டினோம். கத்தரி காது சிவக்க நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவோடும் அத்தானோடும் இருந்தார். அக்காவுக்கு இவரைவிடப் பத்து வயது அதிகம். அம்மா போன பிறகு வளர்த்தது அக்காதான். அக்கா பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பின்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் முன்சீட்டில் தூங்குகிறவர் எழுந்து இறங்கிவிடுவாராம். அத்தான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். "நான் அவளைக் கட்டிக்கிட்டதே அந்த சத்தத்துக்குத்தான்" என்பார். "ஏணி மேல நின்னா கீழ இருக்கிறவங்க பேசுறது கேக்காது. இவ பேசினா கேக்கும்."

அந்தக் குரல்தான் முதலில் போனது. தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற ஒரு நோய். நாக்கு, பிறகு கால், பிறகு கை. மூன்றாவது வருடத்தில் அக்காவுக்கு மிஞ்சியது வலது கை ஆள்காட்டி விரல் மட்டும். கண் இருந்தது, ஆனால் இமை சொன்ன பேச்சைக் கேட்காது. தானாகவே படபடவென்று அடித்துக்கொள்ளும். கண் சிமிட்டலை வைத்து ஆமாம், இல்லை என்று எதையும் முடிவு செய்ய முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

கத்தரி அந்த விரலுக்காக ஒரு போர்டு செய்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அதில் ஆறு வரிசையாக எழுத்துகள். ஒவ்வொரு வரிசையாக விளக்கு இறங்கிவரும். வேண்டிய வரிசையில் எரியும்போது அக்கா பொத்தானை அழுத்தினால், அந்த வரிசைக்குள் ஒவ்வொரு எழுத்தாக விளக்கு நகரும். மறுபடி அழுத்தினால் அந்த எழுத்து பின்பக்கம் இருக்கும் சின்னத் திரையில் விழும். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் படிப்பார். கேள்வி கேட்டுப் பதில் வாங்க மட்டும் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் இரண்டே விளக்கு மாறி மாறி எரியும். முதலில் 'இல்லை', அடுத்தது 'ஆம்'. 'ஆம்' முதலில் இருக்க வேண்டாமா என்று கேட்டேன். "அக்காதான் மாத்தச் சொன்னாங்க" என்றார் கத்தரி. "நான் நாள் முழுக்க சொல்றது இல்லைதான், அதை முன்னாடி வைன்னாங்க."

நான் முதல் தடவை போனபோது அக்கா எனக்காக ஒரு வாக்கியம் எழுதினார். 'நீங்க சிடுமூஞ்சின்னு தம்பி சொன்னான். பாத்தா அப்படித் தெரி' என்பது வரை வருவதற்குள் ஏழு நிமிடம் ஆகிவிட்டது. பொறுக்க முடியாமல், "தெரியலை, அதானே? சரி சரி" என்றேன். அக்கா விடாமல் இன்னும் இரண்டு நிமிடம் எழுதினார். 'இப்ப தெரியுது.' அத்தான் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்றிலிருந்து நான் அந்த வீட்டு மனுஷி ஆகிவிட்டேன். அதற்குப் பிறகு அக்கா ஒரு சொல்லை முடிப்பதற்குள் அதை நான் முடித்துவைத்ததும் இல்லை.

அந்தப் போர்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. அக்கா அழுத்த வேண்டும் என்று நினைப்பதற்கும் விரல் அழுத்துவதற்கும் நடுவே ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் விளக்கு அடுத்த எழுத்துக்குப் போயிருக்கும். அதனால் கத்தரி நிரலில் ஒரு சலுகை வைத்திருந்தார். விளக்கு நகர்ந்த பிறகும் ஒரு நொடி வரைக்கும் அழுத்துகிற அழுத்து, முந்திய எழுத்துக்கே சேரும். பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. அந்தச் சிப்பில் இருந்த ஒரே கடிகாரம் விளக்கை நகர்த்தவே சரியாக இருந்தது. ஆகவே இந்த ஒரு நொடிக்கு, போர்டு செய்த அன்றைய அவசரத்தில், அவர் ஒரு வெற்று லூப் எழுதினார். சும்மா எண்ணு, எண்ணி முடித்துவிட்டு மேலே போ. எழுதி மூன்று வருடம் ஆகிவிட்டது. மறந்தும் போனார்.

மூச்சுத் தசையும் ஒரு நாள் கைவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்போது தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து இயந்திரத்தோடு இணைத்தால் வருடக்கணக்கில் இருக்கலாம். வேண்டாம் என்றால் நோவு தெரியாமல் போக வழி செய்வார்கள். எது வேண்டும் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அக்கா ஒரே பதிலைத்தான் எழுதினார். 'அப்ப சொல்றேன்.' அத்தானிடமும் தம்பியிடமும் தனியாக எழுதினார், 'அதை நான்தான் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் சொல்லக் கூடாது.' இருவரும் சத்தியம் செய்து கொடுத்தார்கள். உடம்பில் எல்லாம் போய்விட்ட ஒரு மனுஷி தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு பதிலைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவின் விரல் இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டதாகக் கத்தரிக்குப் பட்டது. விளக்கு ஒவ்வொரு எழுத்திலும் இன்னும் அரை நொடி அதிகம் நிற்கட்டும் என்று ஒரே ஒரு எண்ணை மாற்றினார். அலுவலக லேப்டாப்பில் இருந்த கம்பைலரை வைத்து நிரலை மறுபடி தயார் செய்து போர்டில் ஏற்றினார். புதிய பதிப்பு, அவருடைய சொந்த வெட்டு இருக்கிற பதிப்பு. நம் கையால் சமைத்ததை நம் வீட்டுக்குப் பரிமாறுகிற சந்தோஷம்தான் அவருக்கும் இருந்திருக்கும். தன் விரலால் எல்லா எழுத்தையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. தப்பாது. அவர் விரல் விளக்கு எரிந்த மறுகணம் அழுத்துகிற விரல்.

அன்று மாலை அக்கா எழுதியது: 'யைஞ றூசெ ணபௌ.'

அக்கா விளையாடுகிறார் என்று அத்தான் சிரித்தார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். கத்தரி போர்டைத் தன் விரலால் மறுபடி சோதித்தார். சரியாக இருந்தது. விளக்கை மெதுவாக்கி அக்காவுக்குச் சுலபமாக்கிய பிறகுதான் இப்படி ஆகிறது என்றால், தப்பு போர்டில் இருக்க வழியே இல்லை. டாக்டரிடம் போனார். இந்த நோயில் சிலருக்கு மட்டும் புத்தியும் சேர்ந்து தடுமாறும் என்றார் டாக்டர்.

"எழுத்துக் கூட்டுறது முதல்ல போகும். ஆமாம், இல்லைன்னு சொல்றது கடைசி வரைக்கும் நிக்கும். அதை வெச்சுப் பேசுங்க."

கத்தரி அலுவலகத்துக்கு வந்து என் மேஜை அருகில் நின்றார். "அக்கா போயிட்டாங்க, கையேட்டம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உடம்பு இருக்கு. அக்கா இல்ல."

நான் அந்த வாரம் போய்ப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்ததும் எழுத ஆரம்பித்தார். நெற்றி வேர்த்தது. கத்தரி திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் தலையை ஆட்டினார். முதல் இரண்டு மூன்று நாள் அவர் விழுந்ததை அப்படியே சத்தமாகப் படித்துக் காட்டினாராம். அக்கா கண்ணில் நீர் வடிவதைப் பார்த்துவிட்டு, நிறுத்திவிட்டார். "நல்லா இருக்குக்கா, நல்லா எழுதுறே" என்று மட்டும் சொன்னார். நானும் சொன்னேன். "நல்லா இருக்கு அக்கா" என்றேன், குழந்தையிடம் பேசுகிற மாதிரி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அத்தான் மட்டும் ஒரு நாள் திருகைத் திருப்பி, "தலையணையை ஏத்தட்டுமா?" என்று கேட்டார். 'இல்லை' என்று விழுந்தது. "பாத்தியா, எது போனாலும் இந்த இல்லை மட்டும் போகாது" என்று வெளியே வந்து கத்தரியிடம் சொன்னார். இருவரும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தார்கள். தலையணையை ஏற்றவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அக்காவுக்கு மூச்சு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் போர்டைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு விளக்கு மாறி மாறி எரிந்தது. "உங்களுக்குக் குழாய் வைக்கலாமா? வேணும்னா ஆம், வேண்டாம்னா இல்லை. மூணு தடவை கேப்பேன்" என்றார். கத்தரியிடம் திரும்பி, "பதிலை அவங்க முன்னாடி படிக்காதீங்க, அது அடுத்த பதிலை மாத்திடும்" என்றார். திரை பின்பக்கம் என்பதால் அக்காவுக்கு அது தெரியாது. கத்தரி பார்த்து எழுதிக் கொடுத்தார். ஆம். ஆம். ஆம்.

அத்தான் சுவரில் சாய்ந்து அழுதார். ஜென்மத்தில் ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்டாள் என்றார். பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பகல் முடிவதற்குள் தொண்டையில் குழாய் ஏறிவிட்டது.

அதற்கு ஐந்து நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும். கேட் மோட்டார் செய்கிற ஒரு நிறுவனத்திலிருந்து எங்களுக்குப் புகார்க் கடிதம் வந்தது. தங்கள் கேட் ஆள் நுழைந்த பிறகு மூன்று நொடி பொறுத்துத்தான் மூடும், புதிய பதிப்புக்கு மாறியதிலிருந்து பொறுப்பதே இல்லை, உடனே மூடுகிறது, ஒருவருக்குத் தோளில் அடிபட்டுவிட்டது என்று எழுதியிருந்தார்கள். இப்படி மாதத்துக்கு இரண்டு வரும். கத்தரியிடம் தயார்ப் பதில் ஒன்று உண்டு. வெற்று லூப்புக்கு வெளியே தெரியும் விளைவு எதுவும் இல்லை, விதிப்படி கம்பைலர் செய்தது சரி, பிழை தங்கள் நிரலில்தான் இருக்கிறது, கையேட்டில் இருநூற்றுப் பதினேழாம் பக்கம் பார்க்கவும். என் கையேட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே பக்கம் அது. எண்ணை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

பாதி தட்டிக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. மயக்கம் வருகிறதோ என்று நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வேறொரு கோப்பைத் திறந்து வைத்திருந்தார். வீட்டுப் போர்டுக்காகக் கம்பைலர் தயாரித்த கட்டளைகள். வழக்கம்போல வரி வரியாக உதட்டை அசைத்துப் படித்தார். ஒரு இடத்தில் திரைமேல் விரலை வைத்தார்.

"இங்க இருக்கணும்" என்றார்.

அங்கே ஒன்றும் இல்லை. விளக்கை நகர்த்துகிற கட்டளைக்கு அடுத்ததாகவே எழுத்தை மாற்றுகிற கட்டளை இருந்தது. நடுவில் ஒரு இம்மிகூட இல்லை.

"ரொம்ப நல்லா வெட்டியிருக்கு" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சலுகை போய்விட்டது. அக்கா நினைத்த எழுத்துக்கு அடுத்த எழுத்து விழுந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும். 'இல்லை' என்று அழுத்தினால் அடுத்த விளக்கு 'ஆம்'.

டாக்டரிடம் காட்டுவதற்காக அந்த நாட்களில் விழுந்த எழுத்துகளையெல்லாம் அவர் லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்தார். காகிதம் எடுத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரிசை மேலே, ஒரு கட்டம் பின்னால். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில இடங்களில் பொருந்தவில்லை, விரல் அன்று கொஞ்சம் முந்தியிருக்கும். முக்கால்வாசி பொருந்தியது. முதல் நாள்: 'போர்டு சரியில்லை.' இரண்டாம் நாள்: 'தம்பி போர்டு சரியில்லை பாரு.' மூன்றாம் நாளும் அதே. நான்காம் நாள்: 'நான் நல்லாத்தான் இருக்கேன்.' நான் போய் உட்கார்ந்திருந்த அன்று: 'நீங்களாவது சொல்லுங்க.' எட்டாம் நாள்: 'குழாய் வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன்.'

கத்தரி அந்தக் கடைசி வரியை நான்கு தடவை மறுபடி போட்டுப் பார்த்தார். கணக்குத் தப்பாக இருக்கக் கூடாதா என்று பார்த்தார். தப்பாக இல்லை. மேலாளர் வந்து கேட் கம்பெனிக்குப் பதில் போயிற்றா என்று கேட்டார். "போகலை" என்றேன் நான். "எப்ப போகும்?" என்றார். "போகவே போகாது, நீங்க போங்க" என்றேன். என் கோபத்துக்கு அன்று ஒருத்தர் கிடைத்தார். ஆனால் கோபப்பட அவர் ஆள் இல்லை. யாருமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கம்பைலர் விதிப்படி செய்தது, டாக்டர் முறைப்படி மூன்று தடவை கேட்டார், கத்தரி அக்காவுக்குச் சுலபமாகட்டும் என்று நினைத்தார்.

நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கத்தரி டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அவங்க தெளிவாக் கேட்டா எடுக்கலாம். அவங்க உரிமை. எடுத்தா சில மணி நேரம்தான், நோவு தெரியாம பாத்துக்கலாம். ரெண்டு பேர் சாட்சி வேணும். கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார்.

போர்டைச் சரிசெய்ய நான்கு நிமிடம் ஆனது. 'இதைத் தொடாதே' என்று கம்பைலருக்குச் சொல்ல நிரலில் ஒரு சொல் சேர்த்தால் போதும். அக்கா படுக்கையில் நிமிர்த்தி உட்காரவைக்கப்பட்டிருந்தார். தொண்டைக் குழாய் வழியாக இயந்திரம் உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது. கத்தரி தரையில் மண்டியிட்டு, பொத்தானை அந்த விரலுக்கடியில் வைத்தார்.

"அக்கா, உன் மேல தப்பில்ல. போர்டு மேலதான். என் மேல. நீ எழுதினது எல்லாத்தையும் இன்னிக்குத்தான் படிச்சேன். நீ இல்லைன்னு சொன்னது ஆமான்னு விழுந்துடுச்சு. நான்தான் எழுதிக் கொடுத்தேன்." மூச்சு வாங்கினார். "டாக்டர்கிட்ட பேசிட்டேன். இப்பவும் நீ சொல்றதுதான். எடுத்துடச் சொன்னா எடுத்துடலாம்."

வேலையிலிருந்து நேராக வந்திருந்த அத்தான் பெயின்ட் கையோடு அறை வாசலில் நின்றிருந்தார். "யார்கிட்ட என்னடா கேக்கிறே நீ?" என்று கத்தினார். "ஒரு தடவை கேட்டது போதாதா? அவ மூச்சு விடுறா. பாரு, விடுறா. நீ அந்தப் பெட்டியை எடுத்துட்டு வெளியே போ."

"அவங்க பதிலை அவங்க சொல்லட்டும்" என்றேன். "பதினாலு நாளா நாம பேசினது போதும்."

அத்தான் என்னை முறைத்தார். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கத்தரி திருகைத் திருப்பினார். இரண்டு விளக்கு மாறி மாறி எரிந்தது. இல்லை, ஆம், இல்லை, ஆம். அக்கா அழுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. விரலும் போய்விட்டதோ என்று குனிந்து பொத்தானைப் பார்த்தேன். அக்காவின் கண் மேலே எழுத்துகளின் பக்கம் போனது. கத்தரி திருகை மாற்றினார்.

விரல் மெதுவாக இறங்கியது. பொத்தான் சத்தம் கேட்டது. முதல் வாக்கியம் வர பத்து நிமிடம் ஆனது. கத்தரி திரையிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகப் படித்தார்.

'வேண்டாம்னுதான் சொன்னேன்.'

"தெரியும்க்கா" என்றார் கத்தரி. "இப்ப சொல்லு. எடுத்துடலாமா?"

மறுபடி விளக்கு இறங்கியது. 'இப்ப எடுத்தா' என்று வந்தது. அத்தான் முகத்தை மூடிக்கொண்டார். 'நீ' என்று வந்தது. அடுத்த சொல் என்ன என்று அப்போதே எங்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் முந்தவில்லை. அக்கா சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். கத்தரியின் குரல் ஒவ்வொரு எழுத்துக்கும் இறங்கிக்கொண்டே போனது.

'இப்ப எடுத்தா நீ உயிரோட இருக்க மாட்டே.'

"இருப்பேன்க்கா. சத்தியமா இருப்பேன். எனக்காகப் பாக்காதே. நான் தாங்கிக்குவேன். நீ வேணும்கிறதைச் சொல்லுக்கா, இந்த ஒரு தடவை நீ வேணும்கிறதைச் சொல்லு." அவர் அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாதம் நான்கு வருடமாக அசையாத பாதம்.

அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வயது மூத்தவர் பார்க்கிற பார்வை. விளக்கு வரிசை வரிசையாக இறங்கியது. ஒவ்வொரு எழுத்திலும் நின்று, நகர்ந்த பிறகும் அந்த விரலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது. ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

'இருந்துட்டுப் போறேன்.'

கத்தரி அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. நான்தான் படித்தேன்.